வெற்றுத் தட்டின் தாகம்

கண்ணாடித் தட்டுகள் இருபத்து நான்கும் ஆய்வகத்தின் ஸ்டோரை விட்டுக் கிளம்பி, செல் வளர்க்கும் அறைக்குப் போய் இரண்டு நாள் ஆகிவிட்டது. அக்காவிடமிருந்து போன் வரவில்லை.

சின்னவளுக்கு அதுதான் உதைத்தது. பார்வைக்குக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒன்றுபோல இருக்கலாம். கையில் எடுத்தால் தெரியாதா? இருபது வருடமாகத் தட்டுகளில் செல்களை விதைத்துப் பழகிய கை அக்காவுடையது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எடையை வைத்தே எந்தக் கம்பெனித் தட்டு என்று சொல்லிவிடுவாள். "ஏன்டி, இந்தத் தடவை கண்ணாடி அனுப்பியிருக்கே?" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

கேட்கவில்லை. அதனால் சின்னவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் உடம்பு தனக்குத் தானே கொஞ்சம் கஞ்சா தயாரித்துக்கொள்கிறது. பதற வேண்டாம், இதற்கு எந்தப் போலீஸும் வராது. செடியில் இருக்கும் சரக்குக்கு இது தூரத்துச் சொந்தம். வலி எடுத்தால் செல்கள் இதைக் கொஞ்சம் கசியவிடும். வலி சற்று அடங்கும். இந்த வகையில் ஒன்றுக்கு ஆனந்தமைடு என்று பெயர். ஆனந்தத்திலிருந்து வந்த பெயர்தான். ஆனால் ஆனந்தம் எந்த வீட்டில் நிலைத்திருக்கிறது? சில நிமிடங்களில் செல்கள் அதைத் திரும்ப உள்ளே வாங்கி, நறுக்கித் தீர்த்துவிடும்.

எப்படி உள்ளே வாங்குகின்றன என்பதில்தான் சண்டை. இந்த உடம்புச் சரக்கு எண்ணெய்ப் பசை கொண்டது. செல்லின் மேல்தோலும் எண்ணெய்ப் பசைதான். காகிதத்தில் எண்ணெய் ஊறுவதுபோலத் தானாக ஊறி உள்ளே போகிறது, அங்கே சில புரதங்கள் அதைத் தோளில் தூக்கிப் போய் நறுக்கும் இடத்தில் சேர்க்கின்றன என்பது ஒரு கட்சி. இல்லை, தோலிலேயே இதற்கென்று ஒரு கதவு இருக்கிறது என்பது இன்னொரு கட்சி.

இரண்டாவது கட்சிக்கு நம் ஊர்க் கிளைத் தலைவர், அக்காவின் கணவர். ஆய்வகத்தின் இயக்குநர். கதவை நான் கண்டேன் என்று பத்து வருடமாக மைக் கிடைத்த இடமெல்லாம் சொல்லி வருவதால், முதுகுக்குப் பின்னால் அவருக்குக் கதவுக்காரர் என்று பெயர். முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபப்பட மாட்டார். பட்டம் கொடுத்ததாக நினைத்துக்கொள்வார்.

அவருடைய ஆதாரம் ஒரு வளைவு. சரக்கின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் செல்கள் வாங்குவதும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் கூடாமல் படுத்துவிடும். கதவில் நெரிசல் என்று அர்த்தம். கூட்டம் எவ்வளவு வந்தாலும் வாசல் அகலமாகாது அல்லவா?

ஏழு வருடத்துக்கு முன் அந்த ஆய்வகத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த சின்னவள் ஒரு சின்னக் காரியம் செய்தாள். செல்களே இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக் தட்டில் சரக்கை ஊற்றி, கழுவி, ஒட்டி நின்றது எவ்வளவு என்று மிஷினில் எண்ணிப் பார்த்தாள். அதே வளைவு வந்தது. செல்லும் இல்லை, கதவும் இல்லை, ஆனால் நெரிசல் மட்டும் இருக்கிறது! எண்ணெய் வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை அலம்பினாலும் பிசுபிசுப்பு போகாது என்று பாத்திரம் தேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். கதவுக்காரர் பாத்திரம் தேய்த்ததில்லை. சரக்கைக் குடித்தது தட்டு. புகழைக் குடித்தது அவர்.

அவள் அதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள். அவர் சிரித்தார். "இந்தப் பொண்ணுக்குக் கை சுத்தம் இல்லை" என்றார். அறுபது பேர் சிரித்தார்கள். அந்த மூன்று வார்த்தையும் அவளுடைய ஃபைலில் ஏறின. பட்டம் போயிற்று. சொந்தம் என்பதால் வெளியே தள்ளவில்லையாம், பெருந்தன்மையாம். முதல் இரண்டு வருடம் பாத்திரம் கழுவும் அறை, அப்புறம் ஸ்டோர்.

போன வாரம் ஸ்டோரின் பழைய அட்டைப் பெட்டி ஒன்றில், கிழித்துப் போட்டாயிற்று என்று அவர் சொன்ன அவளுடைய நோட்டு கிடைத்தது. வெற்றுத் தட்டின் எண்கள் அப்படியே இருந்தன. அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அவர் எந்த மன்றத்தில் நின்று சிரித்தாரோ அங்கேயே அவர் நிற்க வேண்டும், மற்றவர்கள் சிரிக்க வேண்டும். பூட்டு மருந்து என்று ஒன்று செய்து வைத்திருக்கிறார். கதவைப் பூட்டினால் சரக்கு வெளியிலேயே தங்கி வலி தீரும் என்று அதை நோயாளிகளுக்குக் கொடுக்க அனுமதி கேட்கிறார். அனுமதிக் குழு சோதனையை நேரில் பார்க்க வருகிறது. சோதனைக்குத் தட்டு கொடுப்பது ஸ்டோர்.

கண்ணாடி எண்ணெயைக் குடிக்காது. அவள் எதையும் கலக்கவில்லை. ஏற்கெனவே கலந்திருந்ததை எடுத்தாள்.

அந்த நாள் இன்று.

* * *

காலை ஏழரை மணிக்கு அக்கா வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த அக்காவின் கையில் இஸ்திரிப் பெட்டியின் ஒயர்.

"ஷூவைக் கழட்டிட்டு வா, இப்பத்தான் தரையைத் துடைச்சேன்."

உள்ளே நிலைக்கண்ணாடி முன்னால் கதவுக்காரர் ஒத்திகையில் இருந்தார். மேலே பனியன், அதன்மேல் டை. டையில் அவருடைய வளைவு தங்க நூலில் பின்னியிருந்தது.

"மதிப்பிற்குரிய குழுவினரே! இயற்கை தன் கதவுகளை எல்லோருக்கும் காட்டுவதில்லை..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். புருவத்தை 'இயற்கை'யில் தூக்குவதா, 'கதவு'களில் தூக்குவதா என்று குழப்பம். இரண்டிலும் தூக்கிப் பார்த்தார்.

"அத்தான், ஒரு கையெழுத்து."

"அடடே, ஸ்டோர் மகாராணி! என்ன, பேப்பர் கப் தீர்ந்துபோச்சா?"

"இன்னைக்குச் சோதனைக்கு அனுப்பின தட்டுக்குச் சீட்டு. ரெண்டு நாளா கையெழுத்து பாக்கி."

"பாத்தியா, இதுதான் வித்தியாசம். நான் கதவைப் பத்தி யோசிக்கிறேன். நீ தட்டைப் பத்தி யோசிக்கிற."

"தட்டு இல்லாம கதவு எங்க அத்தான் நிக்கும்?"

"வாய் மட்டும் குறையலை. ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் குறையலை." கண்ணாடியில் தெரிந்த தன் முகத்திடம்தான் அதைச் சொன்னார்.

அக்கா சீட்டை வாங்கினாள். தேதி போட்டிருக்கவில்லை. மேஜையிலிருந்து பேனாவை எடுத்துத் தேதி எழுதி, கடைசி எண்ணுக்குக் கீழே வழக்கம்போல இரண்டு குட்டிக் கோடு இழுத்தாள். பள்ளிக்கூடக் கணக்கு நோட்டில் ஆரம்பித்த பழக்கம். அப்புறம் சீட்டை முழுக்கப் படித்தாள்.

இரண்டாவது வரியில் 'கண்ணாடித் தட்டு, இருபத்து நான்கு' என்று பச்சையாக எழுதியிருந்தது.

அக்கா சீட்டை அலமாரிக் கதவில் வைத்து அழுத்திப் பிடித்துக் கணவரிடம் காட்டினாள். பிடித்த கையின் கட்டைவிரல் இரண்டாவது வரியின் மேல் இருந்தது.

அவர் கையெழுத்துப் போட்டார். அது கையெழுத்து இல்லை, ஊர்வலம். சீட்டின் பாதியை அடைத்துக்கொண்டு போய், கடைசியில் ஒரு வளைவாக முடிந்தது. படிக்கும் வழக்கம் அவருக்கு விட்டுப்போய்ப் பல வருடம் ஆகிறது. மற்றவர்கள் தன்னைப் படித்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

"இப்ப நன்றியுரை. ரெண்டு பேரும் கேட்டுச் சொல்லுங்க." தொண்டையைச் செருமினார். "இறுதியாக, இத்தனை ஆண்டுகளும் சுடச்சுடக் காப்பி கொடுத்து என்னை உற்சாகப்படுத்திய என் இல்லத்தரசிக்கு..."

அக்கா அந்த ஆய்வகத்தில் அவருக்கு மூன்று வருடம் முன்பே டாக்டர் பட்டத்தோடு சேர்ந்தவள். அவருடைய வளைவில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் அவள் கையால் வந்தது.

இஸ்திரிப் பெட்டி சட்டையின் முதுகில் நின்றது. நகரவில்லை.

"அக்கா, கருகுது."

"தெரியும்."

இன்னும் இரண்டு நொடி கழித்துத்தான் தூக்கினாள். வெள்ளைச் சட்டையின் முதுகில் படகு மாதிரி ஒரு பழுப்புத் தடம். தடம் தெரியாதபடி அதைக் கோட்டுக்குள் செருகி, ஹாங்கரில் மாட்டிவிட்டாள். "கோட்டைக் கழட்டாதீங்க. கோட்டோடதான் கம்பீரமா இருக்கீங்க."

"தெரியும்" என்றார் அவரும்.

வாசல் வரை தங்கையோடு வந்தாள் அக்கா. சின்னவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தட்டு கனமா இருந்துச்சுடி."

கட்டிய லேஸ் அவிழ்ந்துபோனது. "அப்புறம் ஏன் கேட்கலை?"

"நீ ஏன் சொல்லலை?"

பதிலுக்குக் காத்திராமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

* * *

ஆய்வகத்தின் புதுக் கட்டடத்துக்குப் போகும் வழியில் பித்தளைப் பலகை நேற்றே ஏறிவிட்டது. கதவுக்காரரின் பெயர் உள்ளங்கை அளவு எழுத்தில். அதற்குக் கீழே வளைவு. அதற்குக் கீழே கட்டடத்துக்கு வரைபடம் போட்டவர், சாயம் அடித்தவர், லிஃப்ட் மாட்டிய கம்பெனி. எல்லோரும் இருந்தார்கள். அக்கா பெயர் எங்கும் இல்லை.

சின்னவள் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். தட்டு ஏன் கனமாக இருந்தும் போன் வரவில்லை என்பது புரிந்தது. புரிந்ததாக நினைத்தாள்.

பத்து மணிக்கு மன்றம் நிறைந்துவிட்டது. மேடைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் சோதனை மேஜை. அங்கே அக்கா, கையுறையும் வெள்ளை அங்கியுமாக. தட்டுகளில் பாதி வெதுவெதுப்பில், ஒப்பிட்டுப் பார்க்கப் பாதி ஐஸ் மேல். மேஜையில் கழுவுவதற்கு இரண்டு பாட்டில். நீல மூடி வெறும் உப்புநீர். சிவப்பு மூடி புரதம் கலந்த நீர்.

அனுமதிக் குழுவின் தலைவி ஒல்லியான அம்மாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சிவப்பு மூடி எதுக்கும்மா?"

அக்கா ஒலிபெருக்கி வழியாகப் பதில் சொன்னாள். "எண்ணெய்ப் பசைக்குப் புரதம்னா ரொம்பப் பிடிக்கும் மேடம். அதுல கழுவினா பாத்திரத்துல ஒட்டினது அத்தனையும் கூடவே வந்துடும். சோப்பு மாதிரி."

"நீங்க எதுல கழுவப் போறீங்க?"

"நீலத்துல. எப்பவும் நீலம்தான்."

கடைசி வரிசையில் நின்றிருந்த சின்னவளுக்கு உள்ளே சிலிர்த்தது. எப்பவும் நீலம்தான். பிளாஸ்டிக்கில் ஒட்டியதெல்லாம் பத்து வருடமும் கணக்கில் சேர்ந்தது அதனால்தான். அக்கா அதை வாயாலேயே சொல்லிவிட்டாள், அவர் காதில் விழவில்லை. அவர் மேடையில் புருவத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

சோதனை முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் கதவுக்காரர் பேசினார். கதவின் தத்துவம், கதவின் எதிர்காலம், கதவு கிடைத்த அன்று தனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு. முன்வரிசையில் ஒருவர் நாகரிகமாகத் தூங்கினார்.

பிறகு எண்ணும் மிஷின் காகிதத்தைத் துப்ப ஆரம்பித்தது. எண்கள் பெரிய திரையிலும் வந்தன.

முதல் அளவு: 212.

அதன் இரு மடங்கு சரக்கு: 431.

அதன் இரு மடங்கு: 858.

கதவுக்காரர் திரைக்கு முதுகைக் காட்டியபடி, "இப்போது பாருங்கள், கதவில் நெரிசல்! எண் இங்கேயே நின்றுவிடும்!" என்றார், கையை விரித்து.

கடைசி அளவு: 1704.

மன்றத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நிக்கலையே" என்றார் குழுத் தலைவி. "ரெட்டிப்பா ஊத்தினா ரெட்டிப்பா வருது. மறுபடி ரெட்டிப்பு, மறுபடி ரெட்டிப்பு. நேர்கோடு. உங்க டையில இருக்கிற வளைவு எங்கே?"

அவர் திரும்பிப் பார்த்தார். டையைத் தொட்டுப் பார்த்தார், அது அங்கேதான் இருந்தது.

"மிஷின் இன்னும் சூடாகலை."

மறுபடி எண்ணினார்கள். மிஷின் நன்றாகவே சூடாகியிருந்தது. அவரும். வியர்வை தாங்காமல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பினார்.

முதுகில் இஸ்திரிப் பெட்டி.

முதலில் ஒரு விக்கல் போலத்தான் ஆரம்பித்தது. பிறகு இரண்டாவது வரிசை. பிறகு தூங்கியவர் எழுந்து என்ன என்று கேட்க, அவருக்கும் காட்டினார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் கதவுக்காரர் வலது பக்கம் திரும்பினார், இடது பக்கம் திரும்பினார். ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி எல்லோருக்கும் நன்றாகவே காட்டினார்.

ஏழு வருடமாகச் சின்னவள் இந்தச் சிரிப்பைக் கற்பனை செய்து வைத்திருந்தாள். நேரில் இன்னும் நன்றாக இருந்தது. உள்நாக்கு வரை இனித்தது.

கதவுக்காரர் கண்ணாடிச் சுவரைத் தட்டினார். "இந்தச் சோதனையைச் செஞ்சது யாரு? நானா செஞ்சேன்? கை சுத்தம் இல்லை! இவங்களுக்குக் கை சுத்தம் இல்லை!"

அதே மூன்று வார்த்தை. இந்தத் தடவை சொந்த மனைவிக்கு. அந்தப் பக்கம் அக்கா கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவங்க கை சுத்தம்தான் அத்தான்" என்று கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. "தட்டைத்தான் சுத்தம் பண்ணி அனுப்பினேன்."

அறுபது தலைகள் திரும்பின. சின்னவள் நடுவழியே நடந்து வந்தாள். ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் பழைய நோட்டு.

"ஸ்டோர்ல இருந்து கண்ணாடித் தட்டு போயிருக்கு. இயக்குநர் கையெழுத்து இதோ. கண்ணாடி எண்ணெயைக் குடிக்காது. இத்தனை வருஷம் வளைஞ்சது பிளாஸ்டிக், செல் இல்லை. இது ஏழு வருஷத்துக்கு முன்னாடி நான் செஞ்சது. செல்லே இல்லாத வெறும் தட்டு. வளைவைப் பாருங்க."

"சதி!" என்றார் கதவுக்காரர். "மச்சினி சதி!"

"சதின்னா மறைக்கணும் அத்தான். நான் எழுதிக் கையெழுத்தும் வாங்கிட்டேன். நீங்க படிக்கலைன்னா நான் என்ன பண்ணட்டும்?"

மறுபடி சிரிப்பு. குழுத் தலைவி சிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டி, எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"கதவே கிடையாதுன்னு நான் சொல்ல மாட்டேன். அது உலகம் முழுக்க இன்னும் தீராத வழக்கு. நீங்க பார்த்தது கதவு இல்லை, அவ்வளவுதான்." நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் பொண்ணு இதைச் சொன்னப்போ, யாரும் திரும்பச் செஞ்சு பார்க்கலையா?"

கதவுக்காரரின் முகத்தில், எண்கள் வந்த பிறகு முதல் தடவையாக உயிர் வந்தது.

"பார்த்தோமே! முறைப்படி பார்த்தோம்! அறிக்கை இருக்கு. இவ ஃபைலைக் கொண்டு வரச் சொல்லுங்க."

சின்னவள் திடுக்கிட்டாள். அப்படி ஒரு அறிக்கை இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவர் மனம்போனபடி எழுதிய மூன்று வார்த்தை என்றுதான் ஏழு வருடமும் நினைத்திருந்தாள்.

ஃபைல் வந்தது. மஞ்சள் அட்டை, உள்ளே ஒரே ஒரு தாள். குழுத் தலைவி படித்தார். "வெற்றுப் பிளாஸ்டிக் தட்டு. நான்கு அளவு. ஒட்டியது ஏதுமில்லை. முந்தைய முடிவு கைத்தவறு." தாளை அவளிடம் நீட்டினார். "எதுல கழுவினதுன்னு ஒரு கட்டம் இருக்கு. அதை மட்டும் காலியா விட்டிருக்காங்க."

சின்னவள் தாளை வாங்கினாள். கட்டத்தைப் பார்க்கவில்லை. தேதியைப் பார்த்தாள். கடைசி எண்ணுக்குக் கீழே இரண்டு குட்டிக் கோடு.

"கேளுங்க" என்றார் கதவுக்காரர், குழைந்த குரலில். "யாரு எழுத்துன்னு இவளையே கேளுங்க."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தபோது கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. கையுறைகள் மட்டும் மேஜையில் கிடந்தன.

குழுத் தலைவி கதவுக்காரர் கையையும், தாளைப் பிடித்திருந்த சின்னவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இப்போ கேட்கலை. நாளைக்குக் காலையில இந்தப் பொண்ணே வெற்றுத் தட்டைத் திரும்பச் செய்யட்டும், என் கண் முன்னாடி. கூடவே இந்தப் பழைய அறிக்கை எப்படித் தப்பாச்சு, யாரால ஆச்சுன்னு எனக்கு எழுத்துல வேணும். அதுவரைக்கும் பூட்டு மருந்து எந்த நோயாளி பக்கமும் போகக் கூடாது." எழுந்தார். "இயக்குநர் சார், கோட்டைப் போட்டுக்கோங்க."

* * *

பாத்திரம் கழுவும் அறைக்குச் சின்னவளுக்கு யாரும் வழிகாட்ட வேண்டியதில்லை. இரண்டு வருடம் அங்கே இருந்திருக்கிறாள். மூன்றாவது குழாய் ஒழுகும், வலது மூலையில் தரை வழுக்கும்.

அக்கா தொட்டியில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துணிமேல் கவிழ்த்தாள்.

"நல்லாச் சிரிச்சாங்க இல்ல?" என்றாள் திரும்பாமல். "இங்க வரைக்கும் கேட்டுது."

"அக்கா."

"சட்டை பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்க. அக்கா, ஏழு வருஷம் முன்னாடி வெற்றுத் தட்டை எதால கழுவினே?"

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தட்டு முடிந்தது. இன்னொரு தட்டு.

"சிவப்பு மூடி."

"மத்த நாளெல்லாம் நீலம்."

"ஆமா."

"அன்னைக்கு மட்டும் சிவப்பு."

"ஆமான்றேன்ல."

"பாட்டில் மாறிப்போச்சா?" அந்தக் கேள்வியில் கெஞ்சல் இருந்தது. மாறிப்போச்சு என்று சொல், தயவு செய்து சொல் என்று கேட்டாள்.

அக்கா குழாயை மூடினாள்.

"முதல்ல நீலத்துல கழுவினேன். உன்னோட வளைவு அப்படியே வந்துச்சு. ஒரு புள்ளி விலகலை. ராத்திரி பூரா தூக்கம் இல்லை. நீ சரின்னா, அவரு தப்பு. அவரு தப்பா இருந்தா எனக்கென்ன, அவரு என்னைக்குச் சரியா இருந்தாரு? ஆனா அந்தத் தட்டெல்லாம் கழுவினது என் கைடி. பதிமூணு வருஷ வேலை. இருபத்தஞ்சு வயசுல நேத்து வந்தவ, ஒரே மத்தியானத்துல அதைத் துடைச்சுப் போட்டுட்டே. அதுவும் என் தங்கச்சி. மறுநாள் காலையில சிவப்பை எடுத்தேன்."

"என் பட்டம் போச்சு."

"போச்சு."

"ரெண்டு வருஷம் இந்தத் தொட்டியில நின்னேன். நீ தினமும் அழுக்குத் தட்டைக் கொண்டு வந்து வெச்சுட்டுப் போவே. ஒரு நாள் கைக்குக் க்ரீம் வாங்கிக் கொடுத்தே. ஞாபகம் இருக்கா?"

அக்கா குனிந்து தன் கையைப் பார்த்தாள். அவளுடைய கை தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது.

"அப்புறம் எதுக்கு இன்னைக்குக் கட்டைவிரலை வெச்சு மறைச்சே? எனக்காகவா?"

"பொய் சொல்லணுமா, நிஜம் சொல்லணுமா?"

"இன்னைக்கு ஒரு நாள் நிஜம் சொல்லு."

"எனக்காகத்தான். லிஃப்ட் கம்பெனிக்காரன் பேரு இருக்கு அந்தப் பலகையில."

வெளியே நடைபாதையில் கதவுக்காரரின் குரல் யாரிடமோ சத்தமாக விளக்கிக்கொண்டு போயிற்று: கண்ணாடிக்கும் ஒரு கதவு இருக்கலாமாம், ஆராய வேண்டுமாம்.

சின்னவள் கையில் குழுத் தலைவி கொடுத்த வெள்ளைத் தாள் இருந்தது. மேலே 'தவறு எப்படி நேர்ந்தது, யாரால்' என்று அந்த அம்மாளின் நெட்டை எழுத்து. ஏழு வருடம் தைத்து வைத்த பழி ஒன்று அவளிடம் இருந்தது. அது ஒருவருக்கு அளவெடுத்தது. அவருக்குப் போட்டுவிட்டு மிச்சம் இருந்த துணி, இப்போது பார்த்தால் எதிரே நிற்கிறவளுக்குக் கச்சிதமாக இருக்கும் போலிருந்தது.

"யாராலன்னு எழுதச் சொல்லியிருக்காங்க" என்றாள். "நாளைக்குக் காலையில கொடுக்கணும். எழுதினா நீ இந்த வாசப்படிக்குள்ள கால் வைக்க முடியாது. எந்த ஆய்வகத்துலயும் முடியாது."

அக்கா கடைசித் தட்டைத் துணிமேல் கவிழ்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அங்கியின் பையிலிருந்து பேனாவை எடுத்து, காலையில் தேதி போட்ட அதே பேனாவை, தங்கையிடம் நீட்டினாள்.

"எழுது. முழுப் பேரா எழுது, பட்டத்தோட. பலகையிலதான் இல்லை. இதுலயாவது இருக்கட்டும்."

சின்னவள் பேனாவை வாங்கினாள். ஈரத்தில் வழுக்கியது. தாளைத் தொட்டி விளிம்பில் வைத்து, மூடியைக் கழற்றினாள்.